மணற்கேணியின் அளவு

சென்ற கிழமை எட்டாந்தர மாணாக்கரின் கட்டுரைகளைத் திருத்த அமர்ந்தேன். ‘வசந்த காலம்’ என்பது தலைப்பு. பெரும்பாலோர் பனி உருகுவதிலிருந்தே தொடங்கியிருந்தனர். பனி உருகி ஆறுகள் பெருக்கெடுத்தனவாம். ஆற்றங்கரையெல்லாம் மலர் குலுங்கியதாம். மன்னார்த் தீவில் ஆறே கிடையாது. உருகும் பனியை இப்பிள்ளைகள் கனவிலும் கண்டிலர். நம் முன்னோர் பனி என்றது விடியற்காலையில் பனையோலை நுனியிலிருந்து சொட்டுவதை. வெயில் ஏறினால் அது காய்ந்து போகும். உருகிப் பெருகி ஆறாக ஓடாது. ஏதோ ஒரு வழிகாட்டி நூலைப் பார்த்து வகுப்பு முழுவதும் ஒரே வசந்தத்தை எழுதி வைத்திருந்தது.

ஒரு சிறுமி மட்டும் வேறாக எழுதியிருந்தாள். ‘எங்கள் வீட்டில் தை மாதம்தான் வசந்தம். கிணற்றுத் தண்ணீர் கைக்குக் கிட்ட நிற்கும். அம்மா கத்தரிக்குக் குழை போடுவா.’ ‘போடுவா’ என்பதைத் திருத்துவதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பின்னர் மூடி வைத்துவிட்டேன்.

அச்சிறுமி சொன்னதை இரண்டு நாட்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று மாணாக்கருக்கு ஆண்டுதோறும் சொல்லி வருபவன் நான். ஆயின் ஏட்டிலுள்ள இளவேனில் வந்து சேரும்போது எங்கள் தோட்டத்தில் அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும். கிணறு இறங்கிப்போய்ப் பயற்றங்கொடி மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கும். இங்கே தளிர்க்கும் காலம், மழை நின்ற நாளுக்கும் கிணறு உவர்க்கத் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் பாலைக்கும் பெரும்பொழுதை வரையறுத்த இலக்கண நூலார், மருதத்தையும் நெய்தலையும் ஆறு பொழுதும் உரியனவென்று பொதுவாக விட்டனர். மாணாக்கப் பருவத்தில் இதனை நான் ஒரு குறைபாடாகக் கருதியதுண்டு. நெய்தல் நிலத்தில் தோட்டம் செய்து பார்த்த பின்னர் அக்கருத்து மாறிவிட்டது. கடற்கரை மணலின் பொழுதை வானம் பாதி சொல்லும். மீதியைக் கிணற்றை எட்டிப் பார்த்துத்தான் அறியவேண்டும்.

இப்போது மாசி பிறந்து சில நாட்களே ஆகின்றன. எங்கள் வீட்டுத் தோட்டம் கால் ஏக்கருக்கும் குறைவானது. கார்த்திகை மழையில் நாற்றுமேடையில் வளர்ந்த கத்தரியையும் மிளகாயையும் மார்கழி நடுவில் பிடுங்கி நட்டோம். கத்தரி இப்பொழுது ஊதாப் பூவும் பிஞ்சுமாக நிற்கின்றது. மிளகாய் இன்னும் பூவளவில்தான். வெண்டி, நட்ட நாற்பத்தைந்தாம் நாள் காய் தரும் என்ற பேச்சைத் தப்பாமல் காப்பாற்றியது. நேற்று என் மனைவி ஒரு சுளகு நிறையப் பிடுங்கினாள். பயிற்றை பந்தலேறிவிட்டது. புடலைக்குக் கல் கட்டத் தொடங்கியிருக்கிறோம். பூசணி மட்டும் இவ்வாண்டு முகம் கொடுக்கவில்லை. பனி கடுமையாகப் பெய்தமையால் இலைகளின்மேல் மாவைத் தூவியதுபோல் சாம்பல் நோய் பிடித்தது. தைப்பனியும் மாசிப்பனியும் தரையையும் மச்சையும் துளைக்கும் என்பார்கள். பூசணி இலையைத் துளைப்பதுபற்றிப் பழமொழி செய்தவர் ஏனோ ஒன்றும் சொல்லவில்லை. நோய் கண்ட இலைகளைக் கிள்ளி எடுத்து, விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுகிறாள் என் தாயார். எண்பதைக் கடந்த அவருக்கு இப்போது கண் மங்கல். ஆயினும் இலையைத் தடவிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிறார்.

வேலியைப்பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மன்னார்க் கழுதைகளை அயலூரார் படம்பிடித்து மகிழ்கின்றனர். அராபிய வணிகர் கொண்டுவந்த பரம்பரை என்று அவற்றுக்குப் பெருமையும் கூறுவர். பனையோலை வேலியைத் தலையால் முட்டித் திறந்து, ஓர் இரவில் இரண்டு பாத்திக் கீரையைத் தின்றுவிட்டு, விடியும்வரை அங்கேயே நின்று நம்மைப் பார்க்கும் அந்தப் பார்வையைப் படம்பிடித்தவர் எவருமிலர். சென்ற மாதம் வேலியை மூன்று முறை கட்டினேன்.

இவ்வளவு பச்சையும் எதனால் நிற்கின்றது? மன்னார்த் தீவு முழுவதும் மணல். எப்பக்கம் நடந்தாலும் சில கிலோமீற்றரில் கடல். ஓராண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்நீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலகுவானது, உவர்நீர் கனமானது. ஆகையால் எண்ணெய் தண்ணீரின்மேல் மிதப்பதுபோல ஒன்றின்மேல் ஒன்று தங்குகின்றது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்னும் ஒல்லாந்தரும், 1901 இல் ஹெர்ஸ்பெர்க் என்னும் செருமானியரும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. இதனைத் திருப்பிப் பார்த்தால்தான் அச்சம் தோன்றும். மேலே ஓரடியை இறைத்துக் குறைத்துவிட்டால், நாளடைவில் கீழேயிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவர இடமாகும். எங்கள் தீவில் நன்னீர்ப் படலம் பல இடங்களில் மிக மெல்லியது. கணக்கின் கடுமை அதனால் குறையாது, மிகும்.

கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் மணற்கேணியை உவமையாக எடுத்தாண்டதை அறியாத தமிழர் இலர். தோண்டத் தோண்ட நீர் ஊறும், கற்கக் கற்க அறிவு ஊறும் என்று நாமெல்லாம் மேடைதோறும் முழங்கிவருகிறோம். நானும் முப்பதாண்டுகளாக அப்படியே கற்பித்தேன். தோட்டத்தில் நின்று அக்குறளை மனத்துள் ஓட்டியபோது ஓருண்மை புலப்பட்டது. ‘தோண்டத் தோண்ட’ என்னும் அடுக்கு அக்குறளில் இல்லவே இல்லை. அது நாம் கூட்டிக்கொண்டது. குறளின் முதற்சொல் ‘தோண்டிய அளவுக்கு’ என்றுதான் பொருள்படும். பரிமேலழகரும் அளவு என்றே உரை வகுத்தார். ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு அளவு ஒரு பொருட்டாகத் தோன்றாமல் போயிருக்கலாம். இருபுறமும் கடல் காத்திருக்கும் தீவில், மணற்கேணி தோண்டிய அளவுக்கு ஊறும். அளவு கடந்தால் கடல் ஊறும். நயம்பட உரைப்பதற்காக இதனை நான் சொல்லவில்லை. என் கையாலேயே செய்து கண்டது.

அதற்கு முன் நடந்த ஒன்றையும் கூறவேண்டும். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது எனக்கு இருபது வயது. பலரைப்போல நாங்களும் ஓரிரவில் படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றோம். தாயார் எடுத்துச் சென்ற மூட்டையில் நகை இருந்ததோ இல்லையோ, கத்தரி விதையும் பயற்றம் விதையும் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தன. முகாம் வீட்டின் பின்புறத்தில், பாய் விரிக்கும் அளவு நிலத்தில், அவற்றை ஆண்டுதோறும் விதைத்து விதை எடுத்தார். எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு, “விதை தூங்கினால் செத்துப் போகும், பிள்ளை” என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

பத்தாண்டுக்கு மேலாகி நாங்கள் தோட்டவெளிக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றில் அரைவாசி மணல். துலாக்கால் ஒன்று மட்டும் சாய்ந்து நின்றது. மணலை அள்ளி வெளியேற்றி, இரண்டு நாள் தெளியவிட்டு, முதல் வாளியைத் தாயாரிடம் கொடுத்தோம். குடித்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர் நான் குடித்தேன். நான் சிறுவனாயிருந்த நாளில் அக்கிணற்றுநீர் சற்றுக் கரிப்பாகவே இருக்கும்; கோடையில் தேநீருக்கு உதவாது. இப்பொழுது இளநீர்போல் இனித்தது. பத்துப் பதினொரு மாரிகள் பெய்து இறங்கிய நீரை இறைத்துச் செலவு செய்வார் எவருமின்றி, மண் தனக்குள்ளே அதனைச் சேர்த்து வைத்திருந்தது. ஊரை இழந்த காலத்தைப்பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. இந்த ஒன்றைச் சொல்லலாமா என்பதிலும் எனக்கு ஐயமுண்டு.

அந்த இனிப்பைக் கெடுத்தவன் நான்.

2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும், மறு ஆண்டு நாடு பொருள் முடையில் விழுந்ததும் வாசகர் அறிந்தவை. 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்து உணவு விளைவிக்கும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. எண்ணம் நல்லதே. ஆனால் யூன் என்பது கொழும்பிலும் தென்மேற்கிலும் மழைக்காலம். மன்னாரில் சோளகம் அனல் வாரி வீசும் காலம். எங்கள் தீவில் அந்நாளில் விதையிடச் சொல்வது, நடுப்பகலில் விளக்கேற்றச் சொல்வதைக் காட்டிலும் பொருத்தமற்றது. இதனை அறிந்தவனாகிய நான் அறிவிழந்தேன். எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. அரிசி விலையும் காய்கறி விலையும் ஏறின. வீட்டில் ஏழு வாய். நண்பர் ஒருவரிடம் மின்சார நீரிறைக்கும் மோட்டரை இரவல் வாங்கினேன். இரண்டு ஆள் பிடித்துக் கிணற்றை மேலும் நான்கு முழம் ஆழமாக்கினேன். வெறுந்தரையாய்க் கிடந்த பின்வளவு முழுவதும் வெங்காயமும் மிளகாயும் வைத்தேன். மின்வெட்டுக் காலமாதலால், மின்சாரம் இருந்த நேரமெல்லாம் மோட்டர் ஓடியது. நள்ளிரவிலும் எழுந்து போட்டேன்.

முதல் மூன்று கிழமையும் ஊரார் வந்து பார்த்து வியந்தனர். நான்காம் கிழமை வெங்காயத் தாளின் நுனி வெளுத்தது. வண்டு என்று எண்ணி வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன். பின்னர் மிளகாயிலையின் ஓரம் கருகியது. தாயார் ஒரு நாள் வாய்க்காலில் கை நனைத்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது கிணத்துத் தண்ணி இல்லை” என்றார். ஆவணி முடிவதற்குள் எல்லாம் பட்டது. அவ்வாண்டு நட்டம் பயிரோடு நின்றிருந்தால் இன்று இதனை எழுதவேண்டியிருக்காது. அடுத்த மாரி பெய்தும் கிணறு முழுவதும் திரும்பவில்லை; அதற்கடுத்த மாரியிலும் கரிப்பு நீங்கவில்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த கிழவியின் கிணறும் அந்த ஆண்டே உவர்த்தது. என்னால்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் ஆழமாக்கிய நான்கு முழத்தையும் கல்லும் மணலுமிட்டு மீண்டும் மூடினேன். மோட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துலாவைக் கட்டினேன். துலாவுக்கு ஒரு பெருங்குணம் உண்டு: இழுப்பவன் களைத்தால் அதுவும் நின்றுவிடும். கிணறு மூச்சு விடுவதற்கு அவ்வளவு ஓய்வு போதும்.

இவ்வாண்டு தையில்தான் நீர் மறுபடி நாவுக்கு இசைந்தது. அச்சிறுமியின் கட்டுரையை நான் இரண்டு முறை படித்ததற்குக் காரணம் இதுவே.

இப்பொழுது என் மூத்த மகன் குழாய்க்கிணறு இறக்கவேண்டும் என்கிறான். பேசாலைச் சந்தைக்கும் மன்னார் நகருக்கும் காய்கறி அனுப்பினால் நல்ல வரும்படி என்பது அவன் கணக்கு. கணக்குப் பிழையில்லை. “அப்பா, துலாவைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கேட்கிறான். சூரிய ஒளியில் இயங்கும் சிறு மோட்டர், சொட்டுச் சொட்டாக வேரடியில் நீர்விடும் குழாய் என்று படமெல்லாம் காட்டினான். பழமையைப் பிடித்துத் தொங்குபவன் என்று என்னை அவன் நினைப்பது எனக்குத் தெரியும். சொட்டு நீர்க் குழாயை நான் எதிர்க்கவில்லை. துலாவால் வாய்க்காலில் விடும் நீரில் பாதி மணலோடு போவதை நாள்தோறும் பார்க்கிறேன். அவன் முறையில் நீர் மிஞ்சும். மேற்கிணற்றில் வைக்கும் சிறு மோட்டரையும், இத்தனை மணிக்கு நிறுத்துவது என்னும் உறுதியிருந்தால், ஒப்புக்கொள்வேன். ஒப்பாதது ஆழத்தை மட்டுமே. குழாய்க்கிணறு மேற்படலத்தைக் கடந்து கீழே வாய் வைப்பது. அது எங்கே குடிக்கின்றது என்பது கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. கரிப்பு வாய்க்கு எட்டும்போது காலம் கடந்திருக்கும். ஒரு வளவில் இறக்கிய குழாய் அவ்வளவின் நீரை மட்டும் எடுப்பதுமில்லை. மேலே வேலி உண்டு. கீழே படலம் ஒன்றே.

இன்னொன்றும் என்னை உறுத்துகின்றது. எங்கள் தீவின் மணலில் இல்மனைற் என்னும் கனிமம் செறிந்திருப்பதைக் கண்டு, அதனை அகழும் நோக்கத்துடன் பல ஆண்டுகளாகத் துளையிட்டு ஆராய்ந்தனர். 2025 ஆம் ஆண்டில் காற்றாலைகளை மேலும் அமைப்பதற்கும் கனிமமணல் அகழ்வதற்கும் எதிராக மன்னார் மக்கள் நாட்கணக்காக வீதியில் இருந்தனர். நானும் சென்றிருந்தேன். மணலை அள்ளினால் மழைநீரைத் தாங்கும் பாத்திரமே உடையும் என்று அங்கே நின்று பேசியவருள் நானும் ஒருவன். இன்றும் அக்கருத்தில் எனக்குத் தளர்ச்சியில்லை. அப்படிப் பேசியவன் வீட்டுக்கு வந்து, தன் வளவுக்குள் குழாயை இறக்கி அதே பாத்திரத்தின் அடியில் ஓட்டையிடலாமா? கூட்டத்தில் ஒரு நீதி, கொல்லையில் ஒரு நீதி என்றால், நாளை அகழவரும் நிறுவனத்தார் முதலில் காட்டுவது எங்கள் குழாய்க்கிணறுகளைத்தான். எங்கள் ஊரிலும் அயலூர்களிலும் தோட்டம் செய்வோர் கூடி, கிணற்றின் ஆழத்துக்கும் இறைக்கும் நேரத்துக்கும் ஒரு வரம்பு கட்டிக்கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீன்பிடிப்போர் தமக்குள் முறை வைத்துக் கரைவலை இழுக்கவில்லையா?

பாடசாலையிலும் செய்யத்தக்கது உண்டு. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. அடுத்த தவணை ‘வசந்த காலம்’ என்ற தலைப்பைக் கொடுப்பதில்லை. ‘எங்கள் வீட்டுக் கிணறு’ என்று கொடுப்பதாக இருக்கிறேன். தையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை, கயிற்றை விட்டு அளந்து எத்தனை முழம் என்றும், நாவில் வைத்து இனிப்பா கரிப்பா என்றும் எழுதிவரச் சொல்வேன். வழிகாட்டி நூல் எதிலும் இதற்கு விடை இராது.

மகனுடன் பேச்சு இன்னும் முடியவில்லை. நேற்று மன்னாருக்குப் போய்க் குழாயின் விலையைக் கேட்டு வந்திருக்கிறான். விலையை என்னிடம் கூறவில்லை, தாயிடம் கூறியிருக்கிறான். இன்று விடியற்காலை நான் துலா இழுக்க எழுந்து சென்றபோது அவன் எனக்கு முன்னரே கிணற்றடியில் குந்தியிருந்தான். கயிற்றில் நான் கட்டி வைத்திருக்கும் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தான். “போன கிழமையைவிட ஒரு முடிச்சு இறங்கியிருக்கு, அப்பா” என்றான். இரண்டு வாளி இறைத்துக் கத்தரிப் பாத்திக்கு விட்டான். மூன்றாவது வாளியை இறக்காமல், நீர் ஏறுகின்றதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.